வயசாச்சு, இல்லைன்னா எடுத்துடு!

வாரத்துக்கு ஒண்ணாவது வாட்ஸப்புல வந்துடுது. நவீன வாழ்க்கையால பெண்களோட ஹார்மோன் கெட்டுப் போச்சுன்னு ஆரம்பிச்சு, கடைசியில ஒரு பொடியை வாங்கச் சொல்லி முடிப்பாங்க. எனக்கு வயசு 48. திருநெல்வேலியை விட்டு வந்து பதினெட்டு வருஷமா கிங்ஸ் சர்க்கிள்ல குப்பை கொட்டறேன், கணக்கு எழுதறது பொழைப்பு. அந்தப் பொடி நமக்கு வேண்டாம். ஆனா விஷயத்தைப் பத்திப் பேசியே ஆகணும்.

முதல்ல ஒண்ணு. மாதவிடாய் நிக்கறது நோய் இல்லைங்க. நவீன வாழ்க்கை கண்டுபிடிச்சதும் இல்லை. முழுசா நிக்கறதுக்குச் சில வருஷம் முன்னாடியே ஹார்மோன் ஏறி இறங்க ஆரம்பிச்சுடும். நாள் தள்ளிப் போகும், இல்லைன்னா கொட்டித் தீர்க்கும். திடீர்னு உடம்பு குப்புனு சூடாகும், ராத்திரி தூக்கம் போயிடும். நம்ம ஆச்சிகளுக்கும் இதெல்லாம் இருந்துச்சு. "ஐம்பது வயசுல அவளுக்குக் கோவம் ஜாஸ்தி"ன்னு சொன்னாங்களே தவிர, ஏன்னு யாரும் கேட்கலை.

அப்ப மாறினது எது? என் கணக்குப்படி, காலம் மாறிடுச்சு. ஆச்சிக்கு இருபது வயசுல குழந்தை. நாற்பத்தஞ்சுல மருமக வந்தாச்சு, அடுப்படி கை மாறியாச்சு. இன்னைக்கு அதே வயசுல பிள்ளை பத்தாம் கிளாஸ் படிக்கறான், மாமனாருக்கு மறதி, ஆபீஸ்ல மார்ச் மாசக் கணக்கு. உடம்பு ஓய்வு கேட்கற வருஷங்களும் எல்லாரும் நம்மளைக் கேட்கற வருஷங்களும் ஒண்ணா வந்து விழுது. காலையில நாலரைக்கு எழுந்து டப்பா கட்டி, ஹார்பர் லைன்ல நசுங்கி அந்தேரி போய், ராத்திரி பதினோரு மணிக்குப் படுக்கறவளுக்கு எந்தப் பொடி தூக்கத்தைத் தரும்?

2017-ல நம்ம மாட்டுங்கா ஸ்டேஷன் முழுக்கப் பெண்களே நடத்தற ஸ்டேஷன் ஆச்சு. எல்லாரும் கொண்டாடினோம், நானும்தான். ஆனா வேலைக்கு வர்ற பெண்ணுக்கு ஒருநாள் 47 வயசும் வரும்னு நம்ம ஊர்ல எத்தனை முதலாளிங்க யோசிக்கறாங்க?

டாக்டர்கிட்ட போனா பெரும்பாலும் ரெண்டே பதில்தான். "வயசாச்சும்மா, அப்படித்தான் இருக்கும்", இல்லைன்னா "கர்ப்பப்பையை எடுத்துடலாம்". எனக்கு ரெண்டுமே கிடைச்சுது, அதுவும் ஒரே மாசத்துல!

ரெண்டாவது பதில் எங்கே கொண்டு விடும்னு பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். இதே மகாராஷ்டிராவுல பீட் மாவட்டம். கரும்பு வெட்டப் போற புருஷன் பொண்டாட்டியைச் சேர்த்து ஒரு 'கோய்த்தா', அதாவது ஒரு அரிவாள்னு கணக்கு. ஒருநாள் வரலைன்னா அபராதம். மாதவிடாயே அங்கே நஷ்டக் கணக்கு. 2019-ல அரசு, நீலம் கோர்ஹே தலைமையில ஒரு குழு போட்டுது. கணக்கெடுத்த 82,309 பெண்கள்ல 13,861 பேருக்குக் கர்ப்பப்பை எடுத்தாச்சு. ஆறுல ஒருத்தி! அதுல பலபேர் நாற்பதைக்கூடத் தொடாதவங்க.

நாடு முழுக்கப் பார்த்தா, 2015-16 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல 15-லேருந்து 49 வயசுக்குள்ள நூத்துக்கு மூணு பேர். மூணுல ரெண்டு ஆபரேஷன் தனியார் ஆஸ்பத்திரியில. புற்றுநோய் மாதிரி காரணம் இருந்தா எடுத்துத்தான் ஆகணும், அதை மறுக்கலை. ஆனா கூடவே சினைப்பையையும் எடுத்துட்டா ஹார்மோன் ஒரே நாள்ல நின்னுடும். சின்ன வயசுல அப்படி நின்னா எலும்பு தேயும், இதய நோய் சீக்கிரம் வரும். அதிகப் போக்குக்கு மாத்திரை இருக்கு, ஹார்மோன் உள்ள லூப்பும் இருக்கு. அதைச் சொல்றவங்க குறைச்சல். 2023-ல சுப்ரீம் கோர்ட்டே, தேவையில்லாத கர்ப்பப்பை ஆபரேஷனைத் தடுக்கற வழிமுறைகளை மாநிலங்கள் மூணு மாசத்துல அமல்படுத்தணும்னு சொல்ல வேண்டி வந்துச்சு.

முதல் பதிலும் அதே அளவு மோசம். 2002-ல அமெரிக்காவுல ஒரு பெரிய ஹார்மோன் ஆராய்ச்சியைப் பாதியில நிறுத்தினாங்க, உலகமே அந்த மாத்திரையைப் பார்த்துப் பயந்துச்சு. அதுல கலந்துக்கிட்டவங்க சராசரி வயசு 63. அறுபதுக்குக் கீழே, மாதவிடாய் நின்னு பத்து வருஷத்துக்குள்ள இருக்கற ஆரோக்கியமான பெண்களுக்கு நன்மையே அதிகம்னு பிறகு தெளிவாச்சு. எல்லாருக்கும் பொருந்தாது, மார்பகப் புற்றுநோய் வந்தவங்களுக்குக் கூடாது. ஆனா அதைப் பேசக்கூட வேண்டாமா?

கரும்புக் காட்டுலயும் ஏசி ஆபீஸ்லயும் எதிர்பார்ப்பு ஒண்ணுதான்: உடம்பு எக்கேடு கெட்டாலும் வேலை நிக்கக்கூடாது. அந்தக் கணக்கை மாத்தாம ஹார்மோன் மேல பழி போட்டு என்ன புண்ணியம்?

அதனால அக்காமாரே, "எடுத்துடலாம்"னு யாராவது சொன்னா, ஏன்னு கேளுங்க. வேற வழி என்ன, சினைப்பையை விட்டு வைப்பீங்களான்னு கேளுங்க. இன்னொரு டாக்டரையும் பாருங்க. தைராய்டையும் ரத்த அளவையும் பார்க்கச் சொல்லுங்க. நின்னு ஒரு வருஷம் கழிச்சு மறுபடி ரத்தம் பட்டா ஒருநாள்கூடத் தள்ளிப் போடாதீங்க.

அண்ணன்மாரே, பொடி விளம்பரத்தை அனுப்ப வேண்டாம். நாளைக்கு டப்பாவை நீங்க கட்டுங்க. அவங்க ஆறு மணி வரைக்கும் தூங்கட்டும்.