168 பேர் மட்டுமா இன்காவை வென்றார்கள்?

168 ஸ்பானியர்கள் ஒரு பேரரசையே வீழ்த்தினார்களாம். இன்கா வரலாறு என்றாலே பலருக்கும் தெரிந்தது இந்த ஒற்றை வரிதான். குதிரை, எஃகு வாள், துப்பாக்கி, பெரியம்மை என்று காரணங்களையும் அடுக்குவார்கள். அவை பொய்யில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் அந்த மண்ணின் மக்கள் எங்கே, தோழர்களே?

1532 நவம்பர் 16. பிஸாரோவைச் சந்திக்க அரசன் அதாஹுவல்பா காஹமார்கா சதுக்கத்துக்கு வந்தான். உடன் வந்தவர்களில் பெரும்பாலோர் போருக்குத் தயாராக வரவில்லை. மறைந்திருந்த ஸ்பானியர்கள் பாய்ந்தார்கள். சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அரசன் சிறைப்பட்டான். ஓர் அறை நிறையத் தங்கமும், இருமுறை நிறைய வெள்ளியும் பணயமாகப் பெற்றுக்கொண்டு 1533இல் அவனையும் கொன்றார்கள். இது வீரமல்ல, பச்சைத் துரோகம்.

சரி, அரசனைப் பிடித்தால் நாடு விழுந்துவிடுமா? லட்சக்கணக்கான மக்கள் ஏன் அந்த 168 பேரை விட்டுவைத்தார்கள்?

ஏனென்றால் அது எல்லோருடைய நாடாகவும் இருக்கவில்லை. இன்காக்கள் 15ஆம் நூற்றாண்டில்தான் பெரும் படையெடுப்புகளால் அந்தப் பேரரசைக் கட்டினார்கள். வென்ற மக்களை ஊரோடு பெயர்த்துத் தொலைவில் குடியமர்த்தினார்கள். முறைவைத்துக் கட்டாய உழைப்பு வாங்கினார்கள். அரியணைக்காக அதாஹுவல்பாவும் சகோதரன் ஹுவாஸ்காரும் மோதியபோது, ஹுவாஸ்கார் பக்கம் நின்ற கன்யாரி மக்களை அதாஹுவல்பா தரப்பு கொன்று குவித்தது. அதனால்தான் கன்யாரிகளும் ஹுவாங்காக்களும் சச்சபோயாக்களும் ஸ்பானியர்களோடு சேர்ந்தார்கள். உணவு, சுமைதூக்கிகள், போர்வீரர்கள் எல்லாம் அவர்கள் கொடுத்தவை. 1536இல் மான்கோ இன்கா கிளர்ந்தெழுந்து குஸ்கோவை முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்த இருநூறுக்கும் குறைவான ஸ்பானியர்களோடு இந்த மக்களும் நின்றார்கள்.

லிமா அருகே புருசுகோவில் அந்தக் கிளர்ச்சிக் காலத்தைச் சேர்ந்த எலும்புக்கூடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. காயங்களில் பல, மண்ணின் மக்கள் ஏந்திய கல் ஆயுதங்களால் நேர்ந்தவை. 168 என்ற கணக்கை அந்த எலும்புகளே உடைக்கின்றன.

அப்படியானால் ஹுவாங்காக்கள் துரோகிகளா? தங்களை அடக்கிய அரசுக்கு அவர்கள் எந்த விசுவாசத்தைக் கடன்பட்டிருந்தார்கள்? நசுக்கப்பட்டவரின் கோபத்தைத் துரோகம் என்று சொல்வது, நசுக்கியவரின் நாற்காலியில் உட்கார்ந்து வரலாறு எழுதுவது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஹுவாங்காத் தலைவர்கள் தாங்கள் கொடுத்த ஆட்கள், லாமாக்கள், சோளம் அத்தனையையும் கிப்பு என்னும் முடிச்சுக் கயிறுகளில் பதிந்து வைத்திருந்தார்கள். 1558இலும் 1561இலும் லிமா நீதிமன்றத்தில் அந்தக் கணக்கை வைத்து நியாயம் கேட்டார்கள். தலைவர்கள் சிலருக்குப் பட்டமும் சலுகையும் கிடைத்தன. சாதாரண மக்களுக்கு? 1570களில் வைஸ்ராய் டொலேடோ இன்காக்களின் அதே கட்டாய உழைப்பு முறையை, மிட்டாவை, வெள்ளி, பாதரசச் சுரங்கங்களுக்குத் திருப்பிவிட்டார். எஜமானர் மாறினார், நுகத்தடி மாறவில்லை.

அவர்களின் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தின் கடிவாளம் வேறொருவன் கைக்குப் போனதுதான் பேரிழப்பு. இனி யாராவது 168 வீரர்களின் கதை சொன்னால், அவர்களுக்குச் சோறு போட்டது யார், சுமை தூக்கியது யார், கடைசியில் சுரங்கத்துக்குள் போனது யார் என்று கேளுங்கள்.