ஜி.எச்.சைத் தனியாருக்குக் கொடுக்கணுமா? முதல்ல கணக்கு யாருக்குக் காட்டுவாங்கன்னு கேளுங்க!

"ஜி.எச்.சைத் தூக்கி தனியார்கிட்ட கொடுங்க, அப்பதான் சுத்தமா இருக்கும்."

உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் இந்த ஃபார்வர்டு வந்திருக்கும். எங்க குரூப்பில் போட்டவர் என் சித்தப்பா. அவருக்கு இரண்டு வருஷம் முன்னாடி ஸ்டென்ட் வைத்தது ஒரு அரசு மருத்துவமனை, அதுவும் காப்பீட்டு அட்டையில் என்பது தனிக் கதை!

தோழர்களே, கழிப்பறை நாறுவது உண்மை. ஸ்ட்ரெச்சர் தள்ள ஐம்பது, நூறு கேட்பதும் உண்மை. இதையெல்லாம் மறைத்துப் பேசினால் மக்கள் நம்மை நம்ப மாட்டாங்க. தாராளமாகத் திட்டுங்க. ஆனால் அதற்குத் தீர்வு ஆஸ்பத்திரியையே கைமாற்றி விடுவது என்று ஒருத்தர் சொன்னால், அங்கே நின்னு கேள்வி கேளுங்க.

நாம எல்லாத்தையும் 'ஆஸ்பத்திரி' என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறோம். எல்லாம் ஒரே பொருள் கிடையாது. வருஷக் கடைசியில் அது யாருக்குக் கணக்கு காட்டுது என்பதைப் பொறுத்து அதன் குணமே மாறிவிடும்.

பங்குச்சந்தையில் இருக்கும் பெரிய மருத்துவமனை நிறுவனங்களின் காலாண்டு அறிக்கை இணையத்திலேயே கிடைக்கும், டவுன்லோடு பண்ணிப் பாருங்க. 'ஆர்போப்' என்று ஒரு சொல் வரும். நோயாளி படுத்திருக்கும் ஒரு படுக்கை ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு வருமானம் தருது என்ற கணக்கு. அது ஏறினால் முதலீட்டாளருக்குச் சந்தோஷம். பக்கத்திலேயே இன்னொரு வட்டப்படம்: ரொக்கம் கட்டுபவர் இத்தனை சதவீதம், தனியார் இன்சூரன்ஸ் இத்தனை, அரசுத் திட்டத்தில் வருபவர் இத்தனை. அந்தக் கடைசித் துண்டு சின்னதாக ஆக, அறிக்கை அழகாகிவிடும். அந்தத் துண்டில் இருப்பது யார்? நம்ம வீட்டு ஆளுங்கதான்.

என்கூட இன்ஜினியரிங் படித்த ஒருத்தன் இப்படி ஒரு குழுமத்துக்கு டாஷ்போர்டு செய்து கொடுக்கிறான். எந்த டாக்டர் எவ்வளவு வருமானம் கொண்டுவந்தார், எத்தனை ஸ்கேன் எழுதினார், எல்லாம் கலர் கலராகத் தெரியும். "சிவப்பில் இருக்கிற டாக்டரை மாச மீட்டிங்ல கூப்பிட்டுப் பேசுவாங்கடா" என்றான். குணமாகிப் போனவர் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் இருக்கா என்று கேட்டேன். "அது ரெக்வயர்மென்ட்லயே இல்லடா" என்றான்.

டாக்டர்களைக் குறை சொல்ல வரலை. நல்ல டாக்டரையும் இழுத்துக்கொண்டு போவது அந்த டாஷ்போர்டுதான். மத்திய அரசின் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வையே எடுத்துக்கங்க. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைப் பிரசவங்களில் சிசேரியன் 36 சதவீதம். தனியாரில் கிட்டத்தட்ட 64. அரசிலும் 36 என்பது அதிகம்தான், ஒத்துக்கறேன். ஆனால் சிக்கலான கேஸ் பலதும் கடைசி நேரத்தில் வந்து சேருவது ஜி.எச்.சுக்குத்தானே? அப்புறம் எப்படி அங்கே குறைவாக இருக்கு?

இதற்கும் மேலே ஒரு படி இருக்கு. கேரளாவைப் பாருங்க. 2023ல் கிம்ஸ்ஹெல்த், பிளாக்ஸ்டோன் முதலீடு உள்ள நிறுவனத்தின் கைக்குப் போனது. 2024ல் கோழிக்கோடு பேபி மெமோரியல் கே.கே.ஆர். கைக்குப் போனது. இந்த மாதிரி ஃபண்டுகளின் வழக்கமான தொழிலே வாங்கி, மதிப்பை ஏற்றி, சில வருஷத்தில் அடுத்தவருக்கு விற்பதுதான். அவங்களுக்கு அது ஆஸ்பத்திரி இல்லை, ஒரு அசெட்.

அதுக்காகத் தனியார் என்றாலே கொள்ளை என்று கிளம்பாதீங்க. மதுரையில் 1976ல் 11 படுக்கையோடு டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் அரசு கிடையாது. பணம் கட்டுபவரின் காசு, கட்ட முடியாதவரின் கண்ணுக்குப் போகுது. 1954ல் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் எழுப்பிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அப்படித்தான். மிச்சமாகும் காசு யார் பாக்கெட்டுக்குப் போகுது என்பதுதான் அங்கே வித்தியாசம்.

இப்ப நம்ம ஜி.எச்.சுக்கு வருவோம். 1994ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் அனுப்புது. ஜி.எச்.சில் சி.டி. ஸ்கேன் 500 ரூபாய்க்கு எடுத்திருப்பீங்களே, அதுவும் இந்தக் கழகம்தான். கிராமத்தில் வேலை பார்க்கும் அரசு டாக்டருக்கு மேற்படிப்பில் இடஒதுக்கீடு இருப்பதால்தான் பி.எச்.சி.யில் டாக்டர் உட்கார்ந்திருக்கார். மாநிலத்துக்கு அந்த உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொன்னது. போராடி வாங்கினது, தானா வரலை.

கொரோனா வந்தப்போ ஓமந்தூரார் மருத்துவமனையையே கொரோனாவுக்கு மாற்ற அரசு ஒரு உத்தரவு போட்டால் போதுமாக இருந்தது. அது நம்ம கட்டடம். இன்னொருத்தர் கையில் இருந்திருந்தால் பேச்சுவார்த்தை நடந்திருக்கும்.

இதைத்தான் கொடுக்கச் சொல்றாங்க. 2020 ஜனவரியில் நிதி ஆயோக் ஒரு வரைவு போட்டது: மாவட்ட மருத்துவமனையைத் தனியார் மருத்துவக் கல்லூரியோடு இணைத்து 60 வருஷத்துக்கு ஒப்படைக்கலாம். படுக்கைகளை இரண்டாகப் பிரித்து வைத்தாங்க. ஒன்று 'ஒழுங்குபடுத்தப்பட்ட படுக்கை'. இன்னொன்று 'மார்க்கெட் படுக்கை'. மார்க்கெட் படுக்கை! நம்ம தாத்தா காலத்து நிலத்தில், நம்ம வரிப்பணத்தில் கட்டின வார்டுக்கு வைத்த பெயர். பக்கத்து ஆந்திராவில் 2025ல் 10 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளைத் தனியார் கூட்டில் கொண்டுவர முடிவெடுத்தாங்க. இது எங்கேயோ நடக்கிற விஷயம் இல்லை.

மத்திய அரசின் 2017-18 கணக்கெடுப்புப்படி ஒரு முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் ஆகும் சராசரிச் செலவு அரசில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய். கழிப்பறை கழுவ ஆள் போடணும் என்றால் ஆள் போடுங்க. அதுக்கு எதுக்கு 60 வருஷம் எழுதிக் கொடுக்கணும்?

தோழர்களே, ஒரு வேலை. உங்க ஊர் ஜி.எச்.சில் டாக்டர், நர்ஸ், தூய்மைப் பணியாளர் காலியிடம் எத்தனை என்று ஆர்.டி.ஐ. போடுங்க. ஸ்ட்ரெச்சருக்குக் காசு கேட்டால் 104க்கு அடித்துப் புகார் சொல்லுங்க. நம்ம ஆளுங்க பொறுப்பில் இருக்கும் ஊராக இருந்தாலும் சரி, விடாதீங்க. பதில் வந்ததும் கமென்ட்டில் போடுங்க, தொகுத்து வெளியிடுவோம்.

சித்தப்பாவுக்கும் இதை அனுப்பிட்டேன். ப்ளூ டிக் விழுந்திருக்கு, ரிப்ளை இன்னும் வரலை.

#ஜிஎச்_நம்ம_சொத்து