ஜப்பானின் விளையாட்டுக் கீர்த்தி

திருப்புலிவனத்திலிருந்தும் உத்தரமேரூரிலிருந்தும் ஒரகடம், வல்லம் வடகால் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்லும் வாலிபனுக்கு ஜப்பான் என்றால் மோட்டாரும் இயந்திரமுந்தான். அவன் தம்பி செல்போனில் ஓயாது ஆடும் துப்பாக்கிச் சண்டைக்கும் ஜப்பானுக்கும் சம்பந்தம் உண்டென்றால் இருவருமே நம்பமாட்டார்கள். ஏனெனில் அந்த விளையாட்டுகளை இங்கே பரப்பியவை கொரியாக் கம்பெனியும் சிங்கப்பூர்க் கம்பெனியுமே. ஆயினும், கடைசி ஒருவன் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் மாய்க்கும் அந்த ரகத்துக்கு வழங்கும் ‘பேட்டில் ராயல்’ என்ற பெயர், 1999-ம் வருஷம் ஜப்பானில் வெளியான ஒரு நாவலின் பெயர். சரக்கு பிறருடையது, கற்பனையின் வேர் ஜப்பானுடையது. இப்படிப்பட்ட செல்வாக்கு எவ்வாறு வந்தது என்பதை நம்மவர் விசாரித்தறிய வேண்டும்.

நின்டென்டோ கம்பெனி 1889-ல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கியது. 1978-ல் டைட்டோ கம்பெனியின் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’, 1980-ல் நாம்கோவின் ‘பேக்-மேன்’ ஆகியவை உலகைக் கவர்ந்தன. 1983-ல் அமெரிக்காவில் இந்த வியாபாரம் தரமற்ற சரக்கு பெருகிச் சரிந்தது. அதே வருஷம் நின்டென்டோ தன் வீட்டு யந்திரத்தை ஜப்பானில் வெளியிட்டு, 1985-ல் அமெரிக்கக் கடைகளிலும் புகுந்தது. சென்னை பர்மா பஜாரில் 1990-களில் மலிவாக விற்றவை அதன் போலிகளே. மாரியோ என்ற மீசைக்காரக் குழாய்த் தொழிலாளியைத் தமிழ்ப் பையன்கள் அந்தக் கேஸட்டுகளில்தான் அறிந்தார்கள். அவனைப் படைத்த கம்பெனிக்கு அதனால் ஒரு காசும் கிடைத்திராது. ஆனால் கீர்த்தி போலியின் மேலேறியும் பிரயாணம் செய்யும் போலும்! 2000-ல் வந்த சோனியின் இரண்டாம் பிளேஸ்டேஷனோ 15 கோடிக்கு மேல் விற்றது.

பிறகு இறங்குமுகம். 2001-ல் ஸேகா கம்பெனி யந்திரம் செய்வதை நிறுத்தியது. மைக்ரோஸாப்ட் களத்திலிறங்கியதும் அவ்வருஷமே. செலவு பன்மடங்கு ஏறிற்று. ஜப்பானியர் பலர் மேனாட்டார் ருசிக்கென்று மேனாட்டு மாதிரியில் சமைக்கத் தொடங்கினர். அது அங்கேயும் எடுபடவில்லை, இங்கேயும் எடுபடவில்லை. 2009-ல் டோக்கியோ கண்காட்சியின்போது, காப்காம் கம்பெனியின் பிரபல தயாரிப்பாளர் இனாபுனே, ஜப்பானியத் தொழில் முடிந்துபோயிற்று என்றே பகிரங்கமாகச் சொன்னார். சொந்த நாட்டின் தொழிலைப்பற்றி இப்படிச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

முடிந்துபோகவில்லை. 2016-ல் ரியோ ஒலிம்பிக் நிறைவு விழாவில் பிரதம மந்திரி அபே மாரியோவின் தொப்பியுடன் தோன்றினார். ராஜதந்திரிகளின் தொப்பிகளில் இதற்கீடான விளம்பரம் பெற்றது வேறில்லை. 2017-ல் நின்டென்டோவின் ‘ஸ்விட்ச்’ யந்திரமும், 2022-ல் ‘எல்டன் ரிங்’ என்ற கடுமையான விளையாட்டும் உலகை மீண்டும் வசப்படுத்தின. பிந்தியதன் புராணப் பின்னணியை அமைக்க ஓர் அமெரிக்க நாவலாசிரியரின் உதவி பெற்றனர். எனவே, ஜப்பானியர் அன்னியச் சகாயத்தை வெறுத்து வென்றார்களென்று யாரும் பேச வேண்டாம். அன்னியனாகவே மாற முயன்றபோது தோற்றார்கள், அவ்வளவே. இதற்கிடையில், ஜப்பானியச் சித்திரப் பாணியைக் கற்ற சீனர் 2020-ல் ‘கென்ஷின் இம்பாக்ட்’ செய்து ஜப்பானிலேயே விற்றனர். குருவின் முற்றத்தில் சிஷ்யன் கடை போட்டான்.

நாமோ? 2020 செப்டம்பரில் சர்க்கார் ‘பப்ஜி’யைத் தடுத்தது. காசு வைத்தாடும் விளையாட்டை அடக்கத் தமிழ்நாட்டுச் சட்டம் 2023-ல் அமலுக்கு வந்தது. ரம்மியும் போக்கரும் திறமையின் ஆட்டங்களென்று அவ்வருஷம் நவம்பரில் ஹைகோர்ட் விலக்களித்தது. 2025 ஆகஸ்டில் மத்திய சட்டமும் பிறந்தது. குடும்பங்களைக் கெடுக்கும் சூதை ஒடுக்குவதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் சூதும் விளையாட்டும் ஒன்றே என்ற எண்ணம் பெற்றோர் மனத்தில் உறைந்துவிட்டது. சித்திரமும் கணிதமும் சங்கீதமும் கதையும் ஒன்றுசேரும் ஒரு கலையைத் தம் பிள்ளை தொழிலாகக் கொள்ள எத்தனை தகப்பன்மார் இணங்குவர்?

புனாவில் சிலர் ‘ராஜி’ என்றொரு விளையாட்டைச் செய்து 2020-ல் முதன்முதலாக நின்டென்டோ யந்திரத்தில் வெளியிட்டனர். தமிழருக்கும் ஒன்று உண்டு: 2023-ல் வந்த ‘வெண்பா’. கானடாவில் குடியேறிய தமிழ்த்தாய் கிழிந்த சமையற் குறிப்பைக்கொண்டு இட்லியும் புட்டும் செய்வதும், அவள் மகன் தாய்மொழியை விட்டு விலகுவதுமே அதன் விஷயம். 2024-ல் பிரிட்டிஷ் பாப்டா பரிசு, முதல் படைப்புக்கென்று, அதற்குக் கிடைத்தது. ஆனால் செய்யப்பட்ட இடம் டொரான்டோ, சென்னையல்ல. வெளியானதும் கம்ப்யூட்டரிலும், நின்டென்டோ, சோனி, மைக்ரோஸாப்ட் யந்திரங்களிலுமே. செல்போனன்றி வேறறியாத திருப்புலிவனத்துப் பையனுக்கு அது எட்டவில்லை. கொரியாவின் துப்பாக்கி எட்டிற்று.