ஆய்வகக் குறிப்புகள்: லேசருக்கு ஸ்டெப்னி உண்டா?

போன வாரம் ஊரிலிருந்து நண்பன் மெயிலில் கேட்டிருந்தான்: "மைக்ராஸ்கோப்ல லேசர் போயிடுச்சுன்னா வேலையே நின்னுடும்ங்கிறியே, இன்னொண்ணு வாங்கி அலமாரில வெச்சுக்க வேண்டியதுதானே, கார் ஸ்டெப்னி மாதிரி?"

நியாயமான கேள்விதான். ஆனா லேசர் ஸ்டெப்னி மாதிரி சும்மா கிடக்காது மக்களே. அலமாரியிலேயே அதுக்கு வயசாகும்.

கன்ஃபோகல் மைக்ராஸ்கோப்பில் லேசரை ஒரு புள்ளியாகக் குவித்து செல்லை வரிவரியாக ஸ்கேன் செய்வோம். பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்துக்கு 488 நானோமீட்டர் நீல ஒளி வேண்டும். பழைய மெஷின்களில் அதைத் தருவது ஆர்கான் வாயு லேசர். 543, 633 இரண்டும் ஹீலியம்-நியான். இந்த ஹீலியம் கண்ணாடிச் சுவர் வழியாகவே மெல்லக் கசிகிற ஆசாமி. சுவிட்சே போடாவிட்டாலும் குழாய் வருஷக்கணக்கில் பலவீனமாகும். ஆர்கான் குழாய் நாள்பட ஓடாமல் கிடந்தால் உள்ளே வேண்டாத வாயு சேர்ந்து ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும். அதனால் ஸ்பேரையும் அவ்வப்போது ஓட்டணும். ஓட்டினால் ஆயுள் குறையும், மொத்த ஆயுளே சில ஆயிரம் மணி நேரம்தான் :-(

இப்போ வருகிற திடநிலை லேசர்கள் பரவாயில்லை. கரண்ட் கம்மி, ஆயுள் அதிகம். ஆனா பழைய மெஷினில் மாட்டுவது பல்பு மாற்றுகிற வேலை இல்லை. ஃபைபருக்குள் ஒளியை மைக்ரான் கணக்கில் நேர்படுத்தணும், கண்ணுக்கும் ஆபத்து. சர்வீஸ் எஞ்சினியர் வரணும். சாமான் ஜெர்மனியிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ ஆக்லாந்துக்கு வந்து சேரணும். அதுவரை நம்ம செல்கள் காத்திருக்குமா?

இந்த ஊருக்கே ஸ்பேர் விஷயத்தில் ஒரு பாடம் உண்டு. 1998-ல் ஆக்லாந்து நகர மையத்துக்கு மின்சாரம் தந்த நான்கு முக்கிய கேபிள்களில் முதலாவது ஜனவரி 22-ல் போனது, அடுத்தது பிப்ரவரி 9-ல். மிச்சம் இரண்டு இருக்கே என்று பார்த்தால், பிப்ரவரி 19, 20 தேதிகளில் அவையும் காலி. நகர மையம் சுமார் ஐந்து வாரம் தவித்தது. எண்ணிக்கையில் ஸ்பேர் இருந்தது, தாங்குகிற தெம்பு இருந்ததா என்பதுதான் கேள்வி.

அப்போ என்னதான் செய்யலாம்? மாசத்துக்கு ஒரு தடவை, ஒரே ஆப்ஜெக்டிவ், ஒரே செட்டிங்கில் பவர் மீட்டர் வைத்து எத்தனை மில்லிவாட் வருகிறது என்று குறித்து வையுங்கள். அந்த எண் இறங்கிக்கொண்டே போனாலோ, அதே ஒளிக்கு ஆர்கான் குழாய் கூடுதல் கரண்ட் கேட்டாலோ ஆர்டர் போடும் நேரம் வந்தாச்சு. இன்னொரு லாபமும் உண்டு. புது லேசரில் "20 சதவீதம்" என்பது பழைய 20 சதவீதம் இல்லை. லேசர் மாற்றும் முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டு தீசிஸில் போடணும்னா அந்த மில்லிவாட் கணக்குதான் சாட்சி.

உண்மையான ஸ்பேர் இன்னொரு மெஷின். எப்சத்துக்குப் பக்கத்தில் கிராஃப்டனில் பல்கலைக்கழகத்தின் பயோமெடிக்கல் இமேஜிங் பிரிவு இருக்கிறது. பல குழுக்கள் மைக்ராஸ்கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் இடம். இப்படிப்பட்ட இடங்களில் அதே அலைநீளம் வேறெந்த மெஷினில் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்து, பயிற்சியும் எடுத்து வைப்பது அலமாரிக் குழாயைவிட மேல்.

தமிழ்நாட்டு லேப் நண்பர்களுக்கு ஒன்று: ஆர்கான் லேசரை அணைத்த பிறகும் ஃபேன் சில நிமிஷம் ஓடி குழாயைக் குளிர்விக்கணும். நடுவில் கரண்ட் போனால் ஃபேனும் நிற்கும், சூட்டிலேயே குழாய் அடிவாங்கும். ஸ்பேர் லேசருக்குப் பணம் கேட்கும் முன் நல்ல யூபிஎஸ்ஸும் ஒரு பவர் மீட்டரும் கேளுங்கள். உங்க கைடு சீக்கிரம் கையெழுத்துப் போடவும் வாய்ப்பு அதிகம் :-)