பாதி எழுதிய கோப்புக்கு யார் பொறுப்பு?

கட்டுரையைச் சேமிக்கும்போது செயலி உறைந்துவிடுகிறது. பொறுமையிழந்து அதை வலுக்கட்டாயமாக மூடுகிறீர்கள். மீண்டும் திறந்தால் பாதிக் கட்டுரையைக் காணவில்லை. உடனே கணினியைத் திட்டுகிறோம். அது நியாயமா?

லினக்ஸ் இயங்குதளத்தை எடுத்துக்கொள்வோம். அதில் செயலிக்கும் வட்டுக்கும் நடுவில் நிற்பது கெர்னல் என்னும் மையப்பகுதி. செயலி எழுதக் கொடுக்கும் தரவைக் கெர்னல் பொதுவாக முதலில் நினைவகத்தில் வாங்கி வைக்கும். பிறகுதான் வட்டில் எழுதும். இடையில் செயலி நிறுத்தப்பட்டாலும், வாங்கிய தரவை அது கைவிடாது. மின்சாரம் போனால்தான் ஆபத்து.

ஒரு செயலியை உடனே நிறுத்த 9ஆம் எண் சமிக்ஞை இருக்கிறது. அதை எந்தச் செயலியும் தடுக்க முடியாது. ஆனாலும், வட்டின் பதிலுக்காகக் காத்திருக்கும் சில கட்டங்களில், அந்த வேலை முடியும்வரை கெர்னல் செயலியைப் போகவிடாது. பாதியில் விட்டால் கெர்னலின் சொந்தக் கணக்கே குழம்பிவிடும் அல்லவா? பாதுகாப்பான இடங்களில் மட்டும் காத்திருப்பை முறித்துக்கொள்ளும் வசதி 2008இல் சேர்க்கப்பட்டது.

அப்படியானால் கட்டுரையையும் கெர்னலே முழுமையாகக் காப்பாற்றக் கூடாதா? முடியாது. அதற்குத் தெரிந்தது பைட்டுகள் மட்டுமே; கட்டுரை எங்கே முடிகிறது என்பது தெரியாது. பத்துப் பக்கங்களில் ஆறு பக்கங்களைக் கொடுத்த நிலையில் செயலி நின்றுபோனால், அந்த ஆறு பக்கங்களையும் ஒழுங்காக எழுதி வைக்கும். ஆகவே, பொறுப்பு செயலியை எழுதியவருடையது என்பதே என் கருத்து.

வழி எளியது. பழைய கோப்பைத் தொடாமல், அதே இடத்தில் தற்காலிகக் கோப்பு ஒன்றில் முழுவதையும் எழுத வேண்டும். அது வட்டில் பதிந்ததை உறுதிசெய்த பிறகு, பழைய கோப்பின் பெயரை அதற்குச் சூட்ட வேண்டும். பெயர்மாற்றம் ஒரே வீச்சில் நடக்கும். எந்த நொடியில் செயலி நின்றாலும் முழுப் பழைய கோப்போ முழுப் புதிய கோப்போ உங்களுக்குக் கிடைக்கும்.

மாணவர்களே, பைத்தான் மொழியில் ஏற்கெனவே உள்ள கோப்பை 'டபிள்யூ' முறையில் திறந்தாலே அதன் பழைய உள்ளடக்கம் அழிந்துவிடும். அடுத்த நிரல் எழுதும்போது, அது எழுதிக்கொண்டிருக்கையில் வேண்டுமென்றே நிறுத்திப் பாருங்கள். கோப்பு பிழைத்தால்தான் உங்கள் நிரல் தேர்ச்சி பெற்றது.