'முதன்முறை' என்னும் சொல்லும் அது மறைப்பதும்

2025 ஜூலை 5 அன்று, சியாங் மாய் நகரில் இந்திய மகளிர் கால்பந்து அணி தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2–1 என்ற கணக்கில் வென்று, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இரு கோல்களையும் அடித்தவர் சங்கீதா பாஸ்போர். மறுநாள் பெங்களூரில் நண்பர்கள் பலரும் பகிர்ந்த செய்திகளில் ஒரு சொல் தவறாமல் இடம்பெற்றிருந்தது: 'முதன்முறையாக'.

அது பொய்யன்று. தகுதிச் சுற்றில் வென்று இந்திய மகளிர் அந்தத் தொடருக்குள் நுழைந்தது அதுவே முதன்முறை. ஆனால் செய்தி கைமாறக் கைமாற, 'தகுதிச் சுற்றின் வழியாக' என்ற அடைமொழி உதிர்ந்துபோய், 'வரலாற்றில் முதன்முறை' என்பது மட்டுமே எஞ்சியது. மொழியியல் படித்த எனக்கு அந்த உதிர்வே முதலில் கண்ணில் பட்டது. வரிசையைக் குறிக்கும் எந்தச் சொல்லும் தனித்துப் பொருள் தருவதில்லை. 'முதல்' என்றால் எங்கிருந்து எண்ணத் தொடங்கினோம் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. அந்தத் தொடக்கப் புள்ளியைத் தீர்மானிப்பவர் யாரோ, அவரே வரலாற்றின் எல்லையையும் தீர்மானிக்கிறார்.

எண்ணிக்கையைச் சற்றுப் பின்னோக்கி நகர்த்திப் பார்ப்போம். இந்திய மகளிர் கால்பந்துக் கூட்டமைப்பு 1975இல் உருவானது. அப்போது அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் நாற்பது ஆண்டுகளை நெருங்கிக்கொண்டிருந்தது. எனினும் மகளிர் ஆட்டம் அதன் பொறுப்பில் இல்லை. புதிய கூட்டமைப்பு தேசியப் போட்டிகளைத் தானே நடத்தியது. ஆசிய மகளிர் கால்பந்துக் கூட்டமைப்போடு இணைந்து பன்னாட்டுப் போட்டிகளுக்கும் அணிகளை அனுப்பியது. 1980இன் தொடக்கத்தில் ஆசியப் போட்டி கோழிக்கோட்டிலேயே நடந்தது. இறுதியாட்டத்தில் தைவானிடம் 0–2 எனத் தோற்று இந்தியா இரண்டாமிடம் பெற்றது. 1981இல் ஹாங்காங்கில் மூன்றாமிடம். 1983இல் பாங்காக்கில் மீண்டும் இறுதியாட்டம், மீண்டும் இரண்டாமிடம். அன்று வென்ற அணி தாய்லாந்து. சியாங் மாய் வெற்றியை 'பெரிய அணியை வீழ்த்திய சிறிய அணி' என்ற கதையாக மட்டும் நாம் வாசித்தபோது, இந்த நாற்பத்திரண்டு ஆண்டு இடைவெளி நம் நினைவுக்கே வரவில்லை.

அதே 1983இல் வங்கத்தைச் சேர்ந்த சாந்தி மல்லிக்குக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதல் கால்பந்து வீராங்கனை அவர். நாட்டின் அரசு ஒரு வீராங்கனையை அங்கீகரித்துவிட்டது. நாட்டின் கால்பந்துச் சம்மேளனமோ அவர் ஆடிய ஆட்டத்தை இன்னும் தன்னுடையதாக ஏற்கவில்லை. 1990களின் தொடக்கத்தில்தான் மகளிர் கால்பந்தின் நிர்வாகம் அதன் கைக்கு வந்தது. ஆகவே மகளிர் தேசியப் போட்டியின் வெற்றிப் பட்டியல்கள் பெரும்பாலும் 1991இலிருந்தே தொடங்குகின்றன. அதற்கு முன் பதினைந்து ஆண்டுகள் ஆடப்பட்ட ஆட்டங்கள் ஒரு முன்னுரையாகச் சுருங்கிவிட்டன.

இங்கே ஒரு மறுப்பு எழும். 'அக்காலப் போட்டிகளில் பங்கேற்ற அணிகள் மிகச் சில. கோழிக்கோட்டில் இந்தியாவே இரண்டு அணிகளைக் களமிறக்கியது. மேற்கு ஆஸ்திரேலியா என்ற ஒரு மாநில அணியும் நாடுகளோடு சேர்ந்து ஆடியது. அந்த இரண்டாமிடத்துக்கு என்ன மதிப்பு?' கேள்வி நியாயமானதே. ஆனால் அதே அளவுகோலை ஆடவர் அணியின் பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும். 1951இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றபோது கால்பந்தில் பங்கேற்றவை ஆறே அணிகள். அதை யாரும் சிறிய வெற்றி என்று ஒதுக்குவதில்லை. அது ஒரு 'பொற்காலத்தின்' தொடக்கம் என்றே கற்பிக்கப்படுகிறது. பயிற்சியாளர் ரஹீமுக்குத் திரைப்படமே உண்டு. ஆறு அணிகளில் முதலிடம் பொற்காலம் என்றால், இருமுறை ஆசிய இறுதியாட்டம் கண்ட ஓர் அணியின் காலத்துக்கு ஒரு பெயராவது வேண்டாமா?

ஆசியக் கோப்பையின் சொந்த எண்ணிக்கையே இதற்குச் சான்று. 2022இல் மகாராஷ்டிரத்தில் நடந்தது இருபதாவது தொடர். 2026இல் ஆஸ்திரேலியாவுக்குரியது இருபத்தொன்றாவது. அந்த எண்கள் 1975இலிருந்து எண்ணப்படுபவை. கோழிக்கோடும் பாங்காக்கும் அவற்றுள் அடக்கம். ஆசியா எண்ணுகிறது, மறப்பது நாம்தான்.

மறதிக்கு விலை உண்டு. எப்போதும் 'இப்போதுதான் தொடங்கும்' ஓர் அணியிடம் நாம் எதையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. எதிர்பார்க்காத அணிக்கு எதையும் தரவேண்டியதுமில்லை. நீண்ட காலம் எந்த ஆட்டமும் ஆடாததால் 2009இல் இந்திய மகளிர் அணி பன்னாட்டுத் தரவரிசையிலிருந்தே நீக்கப்பட்டது. ஆடவர் அணிக்கு அப்படி நேர்ந்திருந்தால் அதை வீழ்ச்சி என்றிருப்போம். மகளிர் அணிக்கு நேர்ந்தபோது அது செய்தியாகக்கூடப் பெரிதாகவில்லை. உயரம் நினைவில் இல்லாதபோது வீழ்ச்சி எப்படித் தெரியும்? அடுத்த ஆண்டே அவ்வணி தெற்காசியப் பட்டத்தை வென்றது. அதையும் சேர்த்து 2019 வரை தொடர்ந்து ஐந்து முறை அப்பட்டத்தை வென்றது. அதையும் ஒரு புதிய தொடக்கமாகவே எழுதினோம்.

நான் வாழும் நகரத்தில் அல்சூரை ஒட்டிய கௌதமபுரம் இருக்கிறது. தமிழ் பேசும் உழைக்கும் குடும்பங்களின் குடியிருப்பு. பெலேவுக்குச் சிலை வைத்த தெரு. அங்கே பெரியவர்களிடம் கேட்டால் ஐம்பதாண்டுக் கால ஆடவர் ஆட்டக்காரர்களின் பெயர்களை மூச்சுவிடாமல் சொல்வார்கள். 'பெண்கள் யார் ஆடினார்கள்?' என்று கேட்டேன். சிறிது நேர அமைதிக்குப் பின், 'ஆடினாங்கப்பா, பேருதான் ஞாபகம் இல்ல' என்றார் ஒருவர். அந்தக் காலத்தில் கர்நாடகத்திலிருந்து இந்திய அணிவரை சென்ற சித்ரா கங்காதரன் போன்றோரின் பெயர்கள் தெருவின் நினைவில்கூடத் தங்கவில்லை.

எழுபதுகளில் ஆடியவர்கள் இன்று அறுபதைக் கடந்தவர்கள். அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் செய்தித்தாள் நறுக்குகளும் குழுப் புகைப்படங்களும் இருக்கும். அவற்றைப் பதிவு செய்ய இன்னும் ஒரு தலைமுறைக் காலம் நமக்கு இல்லை. வரலாறு, சமூகவியல், இதழியல், மொழியியல் பயிலும் மாணவர்களிடம் என் வேண்டுகோள் இதுவே: அடுத்த ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும்போது உங்கள் ஊரில் ஆடிய ஒரு பெண்ணைத் தேடுங்கள். அவர் ஆடிய ஊர்கள், சக ஆட்டக்காரர்களின் பெயர்கள், பயணச் செலவைத் தந்தவர் யார் என்பதையெல்லாம் கேட்டு, அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். சம்மேளனமும் 1975 முதலான ஆட்டங்களையும் ஆடியவர்களின் பெயர்களையும் தன் அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும்.

சங்கீதாவின் இரு கோல்களைக் கொண்டாடுவோம். அடுத்த முறை 'முதன்முறை' என்று எழுதும்போது மட்டும், எந்த ஆண்டிலிருந்து எண்ணுகிறோம் என்பதையும் சேர்த்து எழுதுவோம்.