வானொலி யாருடைய சொத்து?

சென்னை நகரில் வானொலியை நிலைநிறுத்தியது பொதுமக்களின் பணம். 1924ல் ஆர்வலர்கள் சிலர் சங்கம் அமைத்து ஒலிபரப்பத் தொடங்கினார்கள். பணமுடையால் 1927ல் அது நின்று போயிற்று. 1930 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்று நடத்தியது. ரேடியோப் பெட்டி வாங்க வக்கில்லாத ஏழைகளும் கேட்கும்படி கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. 1938 ஜூன் 16ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது.

பின்னர் பல்லாண்டுக் காலம், பெட்டி வைத்திருந்தவர்கள் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டணம் செலுத்தினார்கள். டீக்கடைக்காரர் கட்டினார், ஆலைத் தொழிலாளியும் கட்டினார். எந்தச் சீமானின் தயவிலும் இந்த நிலையம் வளரவில்லை.

காற்றலைகள் பொதுச் சொத்து என்று 1995ல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தது. வானொலிக்குச் சுயாதிகாரம் தருவதாகச் சொல்லி 1990ல் நிறைவேற்றிய பிரசார் பாரதி சட்டம், ஏழாண்டு உறங்கி 1997ல் அமலுக்கு வந்தது. சட்டம் வந்தது. சுதந்திரம் வந்ததா?

2017 சுதந்திர தினத்தில் திரிபுரா முதலமைச்சராயிருந்த தோழர் மாணிக் சர்க்காரின் உரையை, திருத்தித் தந்தால்தான் ஒலிபரப்புவோம் என்றது இதே வானொலி. அவர் மறுத்தார், உரை ஒலிபரப்பாகவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சருக்கே இந்தக் கதி என்றால், போனஸ் கேட்டு ஆலை வாசலில் நிற்கும் தொழிலாளிக்கும், கூலி உயர்வு கேட்கும் விவசாயத் தொழிலாளிக்கும் என்ன கதி? பிரதம மந்திரியின் மனத்தில் உள்ளதை 2014 அக்டோபர் முதல் நாடு முழுவதும் கேட்கச் செய்தார்கள். உழைப்பவன் மனத்தில் உள்ளதை யார் கேட்கச் செய்வது?

தனியார் எப்.எம். இருக்கிறதே என்பார்கள். விளம்பரதாரரின் காசுக்குப் பாட்டுப் போடுபவை அவை. சொந்தமாகச் செய்தி சொல்ல 2011ம் ஆண்டுக் கொள்கையும் அவற்றுக்கு இடம் தரவில்லை. அகில இந்திய வானொலியின் செய்தியையே மாற்றாமல் ஒலிபரப்பலாம் என்றது. ஆகவே வானொலியில் செய்தி என்றால் சர்க்கார் சொல்வதே செய்தி!

இதனால் வானொலியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. புயலில் மின்கம்பம் சாய்ந்து செல்போனும் செத்துக் கிடக்கையில், மீனவருக்கும் உழவருக்கும் எச்சரிக்கை சொல்வது பாட்டரி ரேடியோதான். ‘வீடும் வயலும்’ நிகழ்ச்சியின் பயனை விவசாயி அறிவான். பயனுள்ள பொருள் என்பதாலேயே அதை ஆளும் கட்சியின் கையில் விட்டுவைக்க முடியாது.

நாம் கோருவது இதுதான். சென்னை நிலையத்தில் தொழிற்சங்கங்களுக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களுக்கும் வாரந்தோறும் நேரம் ஒதுக்க வேண்டும். வேலைநிறுத்தச் செய்தியில் முதலாளியின் அறிக்கையோடு தொழிலாளியின் கோரிக்கையும் இடம்பெற வேண்டும். மாதத்தில் சில நாள் மட்டும் வேலை தந்து ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாகவே வைத்திருக்கும் அறிவிப்பாளர்களை நிரந்தரமாக்க வேண்டும்.

சங்கக் கூட்டங்களில் தீர்மானம் நிறைவேற்றுங்கள், நிலையத்துக்கு எழுதுங்கள். நம் பணத்தில் எழுந்த நிலையம் நம் குரலையும் பேசட்டும்!